ஒற்றைப்படை எண்ணும் டீ மாஸ்டரின் ரேஷன் கார்டும்

1. மேல் வரி

2007, கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. ஸ்டேஷன் பதிவேட்டில் முதலில் என் கண்ணில் பட்டது ‘தனகோடி, டீ மாஸ்டர்’ என்ற பெயர். ரேஷன் கார்டு தொலைந்துவிட்டதாக மனு. அதே பக்கத்தில் பதினைந்து வரி தள்ளி மறுபடியும் தனகோடி. இந்த முறை தொலைந்தது வாக்காளர் அட்டை.

அந்தப் பதிவேட்டை நான் ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை பார்த்து வந்தேன். ஆனால் எனக்கு வேண்டிய வரிகளை மட்டுமே பார்த்தேன். ஸ்டேஷன் ரைட்டர் கலியமூர்த்தி விரல் வைத்துக் காட்டுவார், நான் எழுதிக்கொள்வேன். ரைட்டர் என்றால் ஸ்டேஷனின் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கும் ஏட்டு. அன்றைக்கு அவர் கோர்ட் டூட்டிக்குப் போயிருந்தார். விரல் வைக்க ஆளில்லை. நானே வரி வரியாகத் தேட வேண்டியிருந்தது.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். தனகோடி பள்ளிக்கூட டி.சி.யைத் தொலைத்திருந்தார். இன்சூரன்ஸ் பத்திரத்தைத் தொலைத்திருந்தார். மோட்டார் சைக்கிளின் ஆர்.சி. புத்தகத்தைத் தொலைத்திருந்தார். அவர் ஸ்டேஷனுக்கு எதிரே டீ போடுபவர். தினமும் சைக்கிளில் வந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

தனகோடி வரி ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே ஒரு பையனின் பெயர் இருந்தது. அந்தப் பையன்கள் எல்லாருடைய எண்ணும் ஒற்றைப்படை.

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது. நோட்டை மூடி வைத்தேன். எங்கள் வேலை முழுவதும் அந்த ஒற்றைப்படை எண்ணின் மேல்தான் நின்றது.

2. எதற்காக ஒற்றைப்படை

கடலூரில் ஒரு நாளிதழில் பதினொரு வருடம் இருந்தேன். முதலில் பிழைதிருத்துநர், பிறகு நிருபர். பதிப்பு ஊர் மாறியபோது வேலையை விட்டேன். 2006இல் சிதம்பரத்துப் பேராசிரியர் ஒருவர் களப்பணிக்கு ஆள் தேடினார். பெயர் சரோஜா. “ஸ்டேஷனுக்குள்ள பயமில்லாம போகணும், பாத்ததைத் தப்பில்லாம எழுதணும். ரெண்டும் சேந்த ஆள் கெடைக்கல,” என்றார். இரண்டும் எனக்குப் பழகிய வேலை.

அவர் பதில் தேடிய கேள்வி சாதாரணமானது. பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பையன் முதல் முறையாகச் சின்னத் திருட்டிலோ அடிதடியிலோ மாட்டுகிறான். வழக்கமாக அவனைப் பற்றிச் சமூகப் பின்னணி அறிக்கை எழுதி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். விசாரணைக்கு அவன் தேதி தேதியாக வர வேண்டும். அப்படி அனுப்பாமல், எச்சரித்து, ஒரு தொழில் வகுப்புக்குத் திருப்பிவிட்டால் அவன் மறுபடி மாட்டுவது குறையுமா?

சட்டம் திருப்பிவிட இடம் கொடுத்திருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் வகுப்பை நடத்தியது. சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை, ஆறு மாதம். தொழில், பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எங்கள் பக்கத்தில் பையன்கள் அதிகம் மாட்டியதும் பம்ப்செட் மோட்டாரில்தான். செம்புக் கம்பியை உருவி எடைக்குப் போட்டுவிடுவார்கள். வகுப்புக்கு வருகிறவன் முதலில் தான் உருவிய மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்க வேண்டும். மோட்டாரின் சொந்தக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து பார்ப்பார். சில சமயம் திட்டுவார். ஒருவர் வடை வாங்கி வந்தார்.

வகுப்பில் மூன்று மேசை. மேசைக்கு நான்கு பேர். ஆக பன்னிரண்டு இடம். ஸ்டேஷனில் மாட்டுகிறவர்கள் அதைவிட அதிகம்.

“எப்படியும் யாரோ சிலர் வெளிய நிக்கணும். அது யாருன்னு நாம தீர்மானிக்கக் கூடாது. நாம தீர்மானிச்சா, நல்ல பையனாப் பாத்து உள்ள விட்ருவோம். அப்புறம் வகுப்பு நல்லா வேலை செய்யுதுன்னு நாமளே கை தட்டிக்குவோம்,” என்றார் சரோஜா மேடம்.

அதற்காகத்தான் எண். ஸ்டேஷனில் யார் எந்த மனு கொடுத்தாலும் சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்பார்கள். ரசீதுப் புத்தகத்தில் எண் அச்சடித்தே வரும். பையன்மேல் வந்த மனுவின் எண் ஒற்றைப்படை என்றால் வகுப்பு, இரட்டைப்படை என்றால் வழக்கமான வழி. வகுப்பு நிரம்பியிருந்தால் ஒற்றைப்படைக்காரனும் வழக்கமான வழிதான். அச்சடித்த எண்ணை யாரும் திருத்த முடியாது என்று நினைத்தோம். யாரும் திருத்தவில்லைதான்.

ஒன்றரை வருடக் கணக்கு நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. வகுப்புக்குப் போனவர்களில் அநேகமாக யாரும் திரும்ப மாட்டவில்லை. தை மாதம் தொண்டு நிறுவனத்தின் மேலாளர் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. பலன் இருந்தால் மற்ற ஸ்டேஷன்களுக்கும் வகுப்பு வரும். இல்லையென்றால் இருக்கிற வகுப்பையும் மூடிவிடுவார்கள்.

அந்த ஸ்டேஷனின் பெயரை இங்கே எழுதவில்லை. பையன்களின் பெயரையும் ஏட்டின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சதவீதம் எதுவும் எழுதப்போவதில்லை. சின்ன ஊர், சின்ன எண்ணிக்கை. எண்ணைச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

3. டீக்கடை

மழை விட்டதும் தனகோடியின் கடைக்குப் போனேன். பாய்லருக்குப் பின்னால் நின்றார்.

“என்னா ரிப்போர்ட்டரம்மா, சக்கரை கம்மிதானே?”

“கம்மிதாண்ணே. ரேஷன் கார்டு கெடைச்சிச்சா?”

“எந்த ரேஷன் கார்டு?”

“நீங்க தொலைச்சது.”

“நான் எங்கம்மா தொலைச்சேன்? வீட்ல டிரங்குப் பொட்டில கெடக்கு.”

“ஆர்.சி. புக்கு?”

தனகோடி டம்ளரைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். “மாமா, இன்னும் நீ தொலைக்காதது இந்தப் பாய்லர் ஒண்ணுதான். அதையும் எழுதிக் குடுத்துடு,” என்றார்.

“ஏட்டய்யா கையெழுத்துப் போடும்பாரு, போடுவேன்,” என்றார் தனகோடி. “எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். ஏதோ ஒரு பையனுக்கு நல்லதுன்னு ஒரு தடவை சொன்னாரு. நல்லதுன்னா போடறதுல என்னம்மா?”

விஷயம் தெளிவாகிவிட்டது. பையனைப் பிடித்து வந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த எண் இரட்டைப்படை. அவன் வகுப்புக்குப் போனால் தேவலை என்று ரைட்டருக்குத் தோன்றுகிறது. எதிர்க்கடையிலிருந்து தனகோடியைக் கூப்பிடுகிறார். தனகோடி எதையாவது தொலைக்கிறார். இரட்டைப்படை எண் தனகோடிக்குப் போகிறது. அடுத்த எண், ஒற்றைப்படை, பையனுக்கு.

ரசீதுப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூடத் திருத்தப்படவில்லை.

4. சிதம்பரம் பஸ்

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சொன்னால் வகுப்பை மூடிவிடலாம். பன்னிரண்டு பையன்கள் அப்போது மேசையில் இருந்தார்கள். சொல்லாவிட்டால் தை மாதம் மேலாளர் கை குலுக்கிவிட்டுப் போவார், வகுப்பு பத்து ஸ்டேஷனுக்குப் பரவும். அதில் யாருக்கு என்ன கெடுதல்?

கெடுதல் யாருக்கு என்று என் பையிலிருந்த நோட்டிலேயே இருந்தது. சங்கர், வயது பதினாறு. ஆடி மாதம் மாட்டினான். அவனுடைய எண் ஒற்றைப்படை. மேல் வரியில் தனகோடி நிற்காத, நேர்மையான ஒற்றைப்படை. ஆனால் அன்றைக்கு வகுப்பு நிரம்பியிருந்தது. பன்னிரண்டு இடத்தில் நான்கில் தனகோடியின் தயவால் வந்தவர்கள் இருந்தார்கள். சங்கர் வழக்கமான வழியில் போனான். மூன்று மாதத்தில் மறுபடி செம்புக் கம்பியோடு பிடிபட்டான். ‘வகுப்புக்குப் போகாதவன், திரும்ப மாட்டினான்’ என்று நானே என் கையால் எழுதியிருந்தேன். வகுப்பு நல்லது என்பதற்கு அவன் ஒரு சான்றாகியிருந்தான்.

சரோஜா மேடம் நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். “தனகோடி மேல வந்த பசங்க எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டார்.

பார்த்துவைத்திருந்தேன். எல்லாரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். எல்லார் வீட்டிலிருந்தும் அன்றைக்கே யாராவது ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள். ஒருவன்மீதும் வேறு பேச்சு இல்லை.

“வகுப்பே இல்லாட்டியும் அவுங்க திரும்ப மாட்டியிருக்க மாட்டாங்க,” என்றார் அவர். மேசைமேல் தை மாதத்துக்காகத் தட்டச்சு செய்த அறிக்கை இருந்தது. முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். “தப்பு என்னுது. நம்பரை யாராலயும் மாத்த முடியாதுன்னு பெருமையா இருந்தேன். வரிசையில யாரை எங்க நிறுத்தறதுன்னு அவர் கையில இருந்திச்சே, அதை நான் யோசிக்கல.”

5. முப்பது வருட சர்வீஸ்

வெள்ளிக்கிழமை இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். கலியமூர்த்தி நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். டீயைத் தனகோடியே கொண்டுவந்தார். வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா?” என்றார் கலியமூர்த்தி. குரலில் பயம் இல்லை. “ரிப்போர்ட்டரம்மா கண்ணுல ஒருநாள் படும்னு எனக்குத் தெரியும்.”

“ஏன் ஏட்டய்யா?” என்றார் சரோஜா மேடம்.

“மேடம், நீங்க சிதம்பரத்துல இருக்கீங்க. இங்க வந்து ஒருநாள் நின்னு பாருங்க. பையன் அழுவுறான். ஆயா வந்து கால்ல விழுவுது. பத்தாவது பரிச்சை வருதுங்குது. நான் புக்கைப் புரட்டுறேன், ரெட்டப்படை வருது. ரெட்டப்படை, போடான்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்களுக்கு வருமா?”

“எனக்கும் வராது. அதனாலதான் நம்பரை வெச்சேன். அழாத பையனை என்னா பண்ணுனீங்க?”

“எந்தப் பையன்?”

“சங்கர்.”

கலியமூர்த்தி யோசித்தார். “அந்தக் கரும்பு லோடு ஏத்துற பையனா? அவன் எங்க அழுதான்? மொறைச்சிக்கிட்டே நின்னான். அவன் கேஸே வேற மேடம். அவனை வகுப்புக்கு அனுப்புனாலும் கம்பியத்தான் எடுப்பான். முப்பது வருச சர்வீஸ். மூஞ்சியப் பாத்தா மறுபடி ஸ்டேஷனுக்கு வருவானா வரமாட்டானான்னு சொல்லிடுவேன்.”

“சொல்லிடுவீங்களா?”

“பந்தயம் கட்டறேன்.”

சரோஜா மேடம் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். “பந்தயம் வேணாம். எழுதிக் குடுங்க. இனிமே வர்ற ஒவ்வொரு பையனுக்கும் வருவான், வரமாட்டான்னு முன்கூட்டியே சொல்லுங்க. வகுப்பையும் பாப்பம், உங்க கணிப்பையும் சேத்துப் பாப்பம்.”

கலியமூர்த்தி முதல் முறையாகச் சிரித்தார். “எனக்கே பரிச்சையா?”

இன்ஸ்பெக்டருக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் கடிதம் போனது. பதிவு வரிசை மாற்றப்பட்டதால் முதல் சுற்றுக் கணக்கு செல்லாது, இன்னொரு சுற்றுக்கு அவகாசம் வேண்டும் என்று எழுதினோம். இன்ஸ்பெக்டர் ரைட்டரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினார். கதவு திறந்தே இருந்ததால் டீக்கடை வரை கேட்டது. தொண்டு நிறுவன மேலாளர், “இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே மேடம், நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?” என்று கேட்டார். பிறகு அவரே, “சரி, சொல்லிட்டீங்க. முடியற வரைக்கும் வகுப்பு நடக்கட்டும். அப்பவும் பலன் இல்லேன்னா மூடிடுவேன்,” என்றார்.

6. சங்கர் வீடு

முதல் சுற்றில் சங்கருக்குச் சேர வேண்டிய இடத்தை, ஒருவன் ஆறு மாதம் முடித்து இடம் காலியானதும், அவனுக்குக் கொடுப்பது, ஆனால் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சரோஜா மேடம் முடிவு செய்தார். ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவன், புதுச் சுற்றின் விதிக்குள் வரமாட்டான். சொல்லிவிட்டு வரும் வேலை என்னுடையது.

நெல்லிக்குப்பம் போகும் சாலையில் வீடு. கரும்பாலையில் அரவை நடந்துகொண்டிருந்த காலம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்றன. சங்கரின் அம்மா கரும்புச் சோகையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“அன்னிக்கு எடமில்லைன்னாங்களே. இன்னிக்கு மட்டும் எங்கேருந்து வந்திச்சு?”

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. புது வகுப்பு தொடங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அன்னைக்கும் எடம் இருந்திச்சும்மா. உங்க புள்ளைக்கு வர வேண்டியது. வேற ஆளுக்குப் போயிடுச்சு. எங்க தப்பு.”

அவர் சோகைக் கட்டைக் கீழே போட்டார். சங்கர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒல்லி, கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடுகள்.

“இப்ப வந்து சொல்றீங்க,” என்றான்.

“ஆமாம்.”

“அந்த ஏட்டு என்னா சொன்னாரு?”

“நீ வகுப்புக்கு வந்தாலும் கம்பியத்தான் எடுப்பேன்னாரு.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் மூன்றாவது மேசையில் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், “மச்சான், கம்பிய எடுக்கத்தானே வந்த?” என்று கேட்டிருக்கிறான். “ஆமா, உன் மோட்டார்லேருந்து,” என்று சங்கர் சொன்னதாக காயில் கட்டச் சொல்லிக்கொடுக்கும் வைண்டிங் மாஸ்டர் சொன்னார்.

7. போன்

புதுச் சுற்றில் எண் ஸ்டேஷனில் இல்லை. சிதம்பரத்தில் மேடத்தின் அறையில், ‘வகுப்பு’ அல்லது ‘வழக்கமான வழி’ என்று சீட்டு வைத்து ஒட்டிய உறைகள் வரிசையாக ஒரு பெட்டியில் இருந்தன. எந்த உறைக்குள் என்ன என்று அவருக்கும் தெரியாது. வேறு ஊர்த் தோழி ஒருவர் போட்டு ஒட்டிக் கொடுத்தது. பையன் வந்தால் ரைட்டர் போன் செய்ய வேண்டும். பெயர், வயது, என்ன மனு, அவருடைய கணிப்பு. எல்லாம் எழுதிக்கொண்ட பிறகுதான் உறை பிரிக்கப்படும்.

நான் ஸ்டேஷனில் இருந்த நாளில் கேட்ட ஒரு பேச்சு இது. கலியமூர்த்தி போனில் பேசினால் எதிர்முனையும் அறை முழுக்கக் கேட்கும்.

“மேடம், ஒரு உருப்படி வந்திருக்கு.”

“உருப்படி இல்ல ஏட்டய்யா, பையன்.”

“சரி, பையன். வயசு பதினஞ்சு. முந்திரிக்கொட்டை, அரை மூட்டை.”

“கணிப்பு?”

“வருவான் மேடம். ரெண்டு தடவை வருவான். நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு.”

காகிதம் கிழியும் சத்தம். “வகுப்பு.”

“இவனுக்கா? அய்யய்ய! நேத்து வந்தது தங்கமான பையன் மேடம், அதுக்கு இல்லைன்னுட்டீங்க. இவன் அந்தக் காயில் சுத்துற மிஷினையே தூக்கிக்கினு போயிடுவான்.”

“தூக்கிட்டுப் போனா உங்க கணிப்பு சரின்னு ஆவும்.”

போனை வைத்துவிட்டு அவர் அந்தப் பையனைப் பார்த்தார். “டேய், சனிக்கிழமை போவியா?”

“போறேன் சார்.”

“போவ மாட்ட. எனக்குத் தெரியும்.”

“போறேன் சார்.”

பையன் போனான். ஆறு மாதமும் போனான். மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

எல்லாரும் அப்படி இல்லை. இரண்டு பேர் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார்கள். ஒருவன் வகுப்புக்கு வந்துகொண்டே பக்கத்து ஊரில் சைக்கிள் எடுத்தான். அவர்களும் வகுப்புக் கணக்கில்தான் இருந்தார்கள். நின்றுபோனவனை நீக்கிவிட்டால் கணக்கு அழகாகும், பொய்யாகும் என்று மேடம் சொன்னார்.

8. தேடிப்போனது

ஒவ்வொரு பையனையும் இரண்டு வருடம் பின்தொடர வேண்டும். ஒரே ஸ்டேஷனின் பதிவேட்டைப் பார்த்தால் போதாது. வேறு எல்லையில் மாட்டியிருந்தால் தெரியாது. சுற்றியிருந்த ஸ்டேஷன்களுக்குக் கடிதத்தோடு போனேன். வீடுகளுக்கும் போனேன். வேலைக்காகத் திருப்பூர் போனவர்களுக்குப் போன் செய்தேன். திருவந்திபுரம் கோயிலில் மொட்டையடிக்கும் கூட்டத்தில் ஒருவனின் அப்பாவை இரண்டு மணி நேரம் காத்திருந்து பிடித்தேன். அவர் தலையில் சந்தனத்தோடு, “எம்புள்ள இப்ப புதுச்சேரியில கம்பெனி வேலைம்மா, நீங்க ஸ்டேஷன்லேருந்து வர்றேன்னு இங்க சத்தமா சொல்லாதீங்க,” என்றார். அன்றிலிருந்து யாரிடமும் முதல் வார்த்தையாக ஸ்டேஷன் பெயரைச் சொன்னதில்லை.

கடைசி வீடுகளுக்கு 2012 தை மாதம் போனேன். தானே புயல் அடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் கரண்ட் இல்லை. வைண்டிங் கடைகளில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது. வாசலில் தண்ணீர் புகுந்த மோட்டார்கள் குவிந்து கிடந்தன. வீட்டில் கிடைக்காத பையன்களில் சிலரை அந்தக் கடைகளில் பிடித்தேன். சங்கரும் ஒரு கடையில் இருந்தான். கணக்கில் இல்லாதவன் என்பதால் அவனிடம் கேட்க எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. அவன் தலை நிமிரவில்லை. “அக்கா, நூத்தி நாப்பது மோட்டார் இருக்கு. நின்னு பேச முடியாது,” என்றான்.

9. நான்கு அடுக்கு

மாசி மாதம் சிதம்பரத்தில் கணக்கைப் பிரித்தோம். கலியமூர்த்தி அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். சரோஜா மேடம் அவரையும் கூப்பிட்டார். தொண்டு நிறுவன மேலாளர் நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. வகுப்பு இருக்குமா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஒரு பையனுக்கு ஒரு அட்டை. மேசையில் நான்கு அடுக்காக வைத்தோம். கலியமூர்த்தி ‘வரமாட்டான்’ என்று சொன்னவர்களில் வகுப்புக்குப் போனவர்கள், போகாதவர்கள். ‘வருவான்’ என்று சொன்னவர்களில் வகுப்புக்குப் போனவர்கள், போகாதவர்கள். திரும்ப மாட்டியவனின் அட்டையைக் கவிழ்த்து வைத்தோம்.

முதல் இரண்டு அடுக்கிலும் கவிழ்ந்த அட்டை மிகக் குறைவு. இரண்டுக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே?” என்றார் கலியமூர்த்தி.

‘வருவான்’ என்று சொல்லி, வகுப்புக்குப் போகாதவர்களின் அடுக்கில் பெரும்பாலான அட்டைகள் கவிழ்ந்தன. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதுவும் சரிதான்.

கடைசி அடுக்கு. ‘வருவான்’, வகுப்புக்குப் போனவர்கள். நான் ஒவ்வொன்றாக வைத்தேன். கவிழ்ந்தவை இருந்தன. ஆனால் நிமிர்ந்து கிடந்தவைதான் அதிகம். கலியமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டைகளைத் தன் பக்கம் இழுத்தார்.

“இவன் வரலையா? முந்திரிக்கொட்டை?”

“வரலை.”

“சரியா பாத்தியாம்மா? பண்ருட்டிப் பக்கம் போயிருப்பான்.”

“பண்ருட்டியும் பாத்தேன். அவுங்க வீட்டுக்கும் போனேன். திருவதிகையில மாமன் கடையில இருக்குறான்.”

அடுத்த அட்டை. அதற்கடுத்தது. எல்லாப் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். கவிழ்ந்த அட்டை வந்தபோது ‘நான் சொன்னேன்ல’ என்று சொல்லவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப நான் தனகோடியக் கூப்புட்டுக் கூப்புட்டு உள்ள விட்டது, வகுப்பே வேணாம்கிற பசங்களையா?”

“ஆமா, ஏட்டய்யா.”

“வேணும்கிறவனை வெளிய நிறுத்திட்டேன்.”

மேடம் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

மேலாளர் வந்தார். அட்டைகளைப் பார்த்தார். மேடம் அவரிடம் முதலில் சொன்னது எச்சரிக்கைதான். இது ஒரே ஸ்டேஷன், சின்ன எண்ணிக்கை, இன்னொரு இடத்தில் இப்படியே வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். “அப்ப நான் என்னா பண்றது மேடம்?” என்று அவர் கேட்டார்.

கலியமூர்த்திதான் பேசினார். “சார், இன்னொரு ஊர்லயும் வெச்சிப் பாருங்க. ஆனா ஒண்ணு, அழுவுற பையனுக்கு அவசரமில்ல. மொறைக்கிற பையனுக்கு ரெண்டு எடம் ஜாஸ்தி வைங்க. முப்பது வருச சர்வீஸ்ல எனக்கு அவனைத்தான் சரியாத் தெரியல.”

மேலாளர் தலையசைத்தார். இருக்கிற வகுப்பு தொடரும், சிதம்பரத்திலும் ஒன்று தொடங்கலாம், அங்கேயும் உறை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

10. புதிதாக வருகிறவர்களுக்கு

களப்பணிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். இரண்டு விஷயம் சொல்வேன். உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் படிக்காதீர்கள், அதற்கு மேலே இருக்கிற வரியையும் படியுங்கள். இரண்டாவது, கணக்கைக் கெடுக்கிறவர் பெரும்பாலும் கெட்டவராக இருக்க மாட்டார். அழுகிற ஒருவனுக்கு முன்னால் நின்ற மனிதராகத்தான் இருப்பார். அவரைத் துரத்திவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டு, அதையும் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள்.

சிதம்பரம் வகுப்பு 2012 ஆனி மாதம் தொடங்கியது. பன்னிரண்டு பேருக்கு உறையில் இடம் வந்திருந்தது. முதல் சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாவது பையன் அடுத்த சனிக்கிழமை வந்தான்.